தண்ணீர் போனதும் தெரிந்த ஆழம்

2024 மார்ச் மாதம். பெங்களூரில் நீச்சல்குளங்களுக்குக் குடிநீரைப் பயன்படுத்தக் கூடாது, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்த வாரத்தில் எங்கள் அடுக்ககத்துக் குளத்தையும் வடித்துவிட்டார்கள். ஒரு பகல் முழுக்க மோட்டார் உறுமியது. மறுநாள் இரவு சாப்பிட்டுவிட்டு நடக்கப் போனபோது வாட்ச்மேன் குளத்து வேலியைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர். ஐம்பது வயதிருக்கும்.

"சார், இது இவ்ளோ ஆழமாவா இருந்துச்சு?"

"நாலரை அடிதானேண்ணே. சுவத்துல எழுதியிருக்கே."

"எழுதியிருக்கு சார். ஆனா நேத்து வரைக்கும் அப்படித் தெரியல. ராத்திரி இந்தப் பக்கம் ரவுண்டு வரவே ஒரு மாதிரியா இருக்கு."

நானும் எட்டிப் பார்த்தேன். அடியில் ஒரு குழந்தையின் நீலக் கண்ணாடி கிடந்தது. வடிகால் சல்லடையில் நாலைந்து வாடிய இலைகள். கைப்பிடி பளபளத்த எஃகு ஏணி சுவரோரம் இறங்கிப் பாதி வழியில் நின்றுவிட்டிருந்தது. கடைசிப் படிக்கும் தரைக்கும் இடையே இரண்டடி வெற்றிடம். தண்ணீர் இருந்தவரை அந்த ஏணி அந்தரத்தில் முடிவது யாருக்கும் தெரியாது. உடம்பை மிதக்க வைக்கத் தண்ணீர் இருக்கும்போது ஏணி எதற்குத் தரை வரை போக வேண்டும்? இப்போது பார்த்தால் யாரோ கட்டுவதைப் பாதியில் விட்டுவிட்டு ஓடியது போல இருந்தது. வாட்ச்மேன் சொன்ன 'ஒரு மாதிரி' எனக்கும் வந்தது. ஆனால் அங்கிருந்து நகரவும் மனம் வரவில்லை. அது ஏன் என்பதுதான் என் கேள்வி.

முதலில் ஆழத்தைப் பார்ப்போம். வாட்ச்மேனின் கண் பொய் சொல்லவில்லை. இயற்பியல் பாடத்தில் கிண்ணத்தில் நாணயத்தைப் போட்டுத் தண்ணீர் ஊற்றியதும் அது மேலெழும்பித் தெரியுமே, அதே கதைதான். நீரிலிருந்து காற்றுக்கு வரும் ஒளி வளைவதால், நேர் மேலிருந்து பார்த்தால் குளத்தின் தரை உண்மை ஆழத்தில் முக்கால் பங்கில்தான் தெரியும். நாலரை அடிக் குளம் மூன்றே கால் அடிக்குச் சற்று மேல் இருப்பது போலத் தோன்றும். அதுவும் நேர் மேலிருந்து பார்த்தால். கரையில் நின்று சாய்வாகப் பார்க்கிறவருக்கு ஆழம் பாதிக்கும் கீழே போய்விடும். ஆண்டுக்கணக்கில் நாங்கள் எல்லோரும் கரையிலிருந்து சாய்வாகப் பார்த்துத்தான் பழகியிருந்தோம். தண்ணீரை வடித்த அன்றுதான் குளம் தன் உண்மையான அளவை முதன்முறையாகக் காட்டியது. பழகிய இடம் ஒரே இரவில் இரண்டு மடங்கு ஆழமாகிவிட்டால் யாருக்குத்தான் ஒரு மாதிரி இருக்காது?

ஆழம் தெரிந்ததும் இன்னொரு பழைய எச்சரிக்கையும் உள்ளே விழித்துக்கொள்கிறது. எலினோர் கிப்சன், ரிச்சர்ட் வாக் என்ற இரு உளவியலாளர்கள் 1960இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மேசை மேல் தடித்த கண்ணாடி. ஒரு பாதியில் கண்ணாடியை ஒட்டியே கட்டம் போட்ட துணி. மறு பாதியில் அதே துணி பல அடி கீழே. ஆறு மாதத்திலிருந்து பதினான்கு மாதம் வரையான குழந்தைகளை நடுவில் விட்டு, தாயை எதிர்ப்பக்கம் நின்று கூப்பிடச் சொன்னார்கள். நடுவிலிருந்து நகர்ந்த 27 குழந்தைகளில் மூன்றே குழந்தைகள்தான் 'பள்ளத்தின்' மேல் தவழ்ந்தன. மற்றவை கண்ணாடியைத் தட்டிப் பார்த்தன, அழுதன, அம்மா அழைத்தும் போகவில்லை. நிறைந்த குளத்தில் நீர்ப்பரப்பு ஒரு தரை போல விளிம்பை மூடியிருக்கிறது. அதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது கட்டம் போட்ட பள்ளம். நம் குளங்களில் கட்டம் போட்ட டைல்ஸ் ஒட்டியிருப்பது அந்த மேசையை இன்னும் அச்சாக நினைவுபடுத்துகிறது.

சரி, சத்தம்?

அந்த இரவு வாட்ச்மேன் இருமினார். குளம் திருப்பி இருமியது. மறுநாள் பகலில் அடுக்கக மேலாளரிடம் சொல்லிவிட்டு உள்ளே இறங்கி, இரு சுவர்களுக்கும் நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டினேன். 'டிர்ர்ர்' என்று ஒரு நடுக்கம். ஐந்து மீட்டர் இடைவெளியில் இணையாக நிற்கும் இரண்டு வழவழப்பான சுவர்களுக்கு நடுவே ஒலி பந்தடி அடித்துக்கொண்டிருந்தது, நொடிக்கு முப்பதுக்கும் மேற்பட்ட தடவை. குளத்துக்குள் நின்று கை தட்டிய என்னைப் பார்த்து மூன்றாம் மாடியிலிருந்து ஒரு பாட்டி சந்தேகத்தோடு கையசைத்தார்.

கூரை போட்ட குளியல் மண்டபமாக இருந்தால் விஷயம் இன்னும் சுவாரசியம். ஓர் அறையில் ஒலி எவ்வளவு நேரம் தங்கும் என்பதற்கு முதல் கணக்கைக் கண்டுபிடித்தவர் ஹார்வர்டின் இளம் இயற்பியல் ஆசிரியர் வாலஸ் சபின். 1895இல் பல்கலைக்கழகத்தின் புதிய விரிவுரை அறை ஒன்றில் பேசுகிற எதுவும் புரியவில்லை என்று அவரை அழைத்தார்கள். இரவில் தெரு அடங்கிய பிறகு, பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து ஒவ்வொன்றாக அடுக்கி, ஓர் ஆர்கன் குழலை ஊதி, ஒலி அடங்கும் நேரத்தை நிறுத்துக் கடிகாரத்தில் குறித்தார். வெறும் அறையில் ஐந்தரை நொடி. மெத்தை கூடக் கூட நேரம் குறைந்தது. அவர் கண்ட விதி எளியது: அறையின் கன அளவு கூடினால் ஒலி நீளும்; ஒலியை விழுங்கும் பொருள் கூடினால் ஒலி சுருங்கும். விழுங்குவதில் மனித உடம்பும் கெட்டிக்காரன்தான்.

இதைக் குளியல் மண்டபத்துக்குப் போட்டுப் பாருங்கள். 25 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், 6 மீட்டர் உயரம், எங்கும் பூச்சும் ஓடும். ஆளே இல்லையென்றால் சபின் கணக்குப்படி ஒலி ஏறக்குறைய பத்து நொடி நிற்கும். அறுபது பேரை உள்ளே விட்டால் ஐந்தரை நொடியாகிவிடும். தண்ணீர் நிறைந்திருக்கிறதா என்பது இந்தக் கணக்கில் பெரிதாக வராது. காற்றிலிருந்து நீர்ப்பரப்பில் விழும் ஒலி ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே போகும். மிச்சம் முழுவதும் திரும்பிவிடும். ஒலிக்குத் தண்ணீரும் ஒரு சுவர்தான். ஆக, வெற்று மண்டபம் முழங்குவதற்குக் காரணம் தண்ணீர் போனது அல்ல, ஆட்கள் போனது. ஆளில்லாமையைக் காது நேரடியாக அளக்கிறது என்றே சொல்லலாம். காலடி ஓசை பத்து நொடி சுற்றினால், பின்னால் வேறு யாரோ நடப்பதாகத்தான் மூளை முதலில் எடுத்துக்கொள்ளும்.

மூக்குக்கும் இதில் பங்குண்டு. நீச்சல்குளம் என்றதும் நினைவுக்கு வரும் அந்த வாடையைக் குளோரின் வாடை என்கிறோம். உண்மையில் அது குளோரின் நம் வியர்வையோடும், சொல்லவே கூச்சமாக இருக்கிறது, சிறுநீரோடும் வினைபுரிந்து உண்டாகும் குளோரமைன்களின் வாடை. மனிதர்கள் இறங்காத குளத்தில் அது இருக்காது. நீலம் இருக்கிறது, ஏணி இருக்கிறது, வாடை மட்டும் இல்லை. நிறைந்த குளத்தின் சுவரிலும் மரக்கிளையிலும் வலை வலையாக நெளியும் ஒளியும் இல்லை. அலைமேடுகள் வெயிலைக் குவித்து வரையும் கோலம் அது. எல்லாம் அசையாமல் கிடக்கிறது.

இருக்க வேண்டியது இல்லாமல் போவது, இருக்கக் கூடாதது இருந்துவிடுவது: அமானுஷ்யம் இந்த இரண்டு வழிகளில் வருகிறது என்று ஆங்கில விமர்சகர் மார்க் ஃபிஷர் 2016இல் வெளியான தன் நூலில் பிரித்துச் சொன்னார். நம் ஊரில் இதை இவ்வளவு விளக்கமாகச் சொல்ல மாட்டார்கள். "உச்சி வேளையில குளத்துப் பக்கம் போகாதே, முனி இருக்கும்" என்பதோடு முடித்துவிடுவார்கள். முனியை விடுங்கள், நேரத்தைக் கவனியுங்கள். காலையிலும் மாலையிலும் படித்துறை கொள்ளாத கூட்டம். உச்சியில் ஓர் ஈ காக்கை இருக்காது. ஊரே கூடும் இடம் ஊர் இல்லாமல் கிடக்கும் வேளை அது. தடுக்கி விழுந்தால் கூப்பிட்ட குரலுக்கு ஆள் வராத வேளையும் அதுதான். பாட்டிமாருக்கு இது தெரிந்தே இருந்தது. அதற்கு ஒரு முனியை வேலைக்கு வைத்துக்கொண்டார்கள், அவ்வளவே.

அப்படி ஊர் இல்லாமலே கிடக்கும் குளத்தைப் பார்க்க வேண்டுமா? பெங்களூரிலிருந்து ராத்திரி ரயிலேறினால் விடிந்ததும் ஹொசபேட்டை, அங்கிருந்து ஹம்பி. அரச வளாகத்தின் ஓரத்தில் 'ராணி குளியலறை' என்று பெயர்ப்பலகை தாங்கிய கட்டடம். வெளியிலிருந்து பார்த்தால் கிடங்கு போல மொட்டையாக நிற்கும். சுற்றிலும் ஓர் அகழி. உள்ளே நுழைந்தால் நான்கு பக்கமும் வளைவுகளோடு தாழ்வாரம், தாழ்வாரத்திலிருந்து குளத்தை நோக்கி நீட்டிய மாடங்கள், நடுவே வானம் பார்த்த சதுரக் குளம். பக்கத்துக்கு 15 மீட்டர், ஆழம் ஆறடி. சொட்டுத் தண்ணீர் இல்லை. ராணிதான் குளித்தாரா என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. பெயர் பின்னால் ஒட்டியது. 1565இல் தலைக்கோட்டைப் போருக்குப் பின் நகரம் சூறையாடப்பட்டது. கால்வாயைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் போனால் குளிப்பறையில் தண்ணீர் எப்படி நிற்கும்? ஹம்பியில் இடிந்த கோபுரங்களைப் பார்த்து வருத்தப்படுகிற கூட்டம் இங்கே வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்வதைக் கவனித்திருக்கிறேன். கோபுரம் இடிந்தால் பாழ் என்று கண் எடுத்துக்கொள்கிறது. இங்கே அந்த மாடங்களில் உட்கார்ந்து எட்டிப் பார்க்க இன்னும் இடம் இருக்கிறது, பார்க்கத்தான் கீழே ஒன்றும் இல்லை.

சற்றுத் தள்ளி, 1980களின் அகழாய்வில் மண்ணுக்கடியிலிருந்து வெளிப்பட்ட படிக்கட்டுக் குளம். கறுப்பு நிறக் கல்லில் கூர்கூராய் வெட்டிய முக்கோணப் படிகள் அடுக்கடுக்காகக் கீழே இறங்குகின்றன. அருகே குனிந்து பார்த்தால் கற்களில் சிறு குறிகள் தெரியும்: எந்தத் திசை, எந்த வரிசை என்பதற்கான அடையாளங்கள். வேறெங்கோ செதுக்கி, எண்ணிட்டு, இங்கே கொண்டுவந்து பொருத்தியிருக்கிறார்கள். குளம் நிறைந்திருந்த காலத்தில் கீழ் அடுக்குகளின் குறிகளை எந்த அரசனும் பார்த்திருக்க மாட்டான். வற்றியதால் நாம் படிக்கிறோம்.

படிகளுக்கு இன்னொரு வித்தையும் உண்டு. 1693இல் டச்சு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ், பிரான்ஸின் ஷான்டியி அரண்மனைத் தோட்டத்தில் ஒரு விசித்திரத்தைக் குறித்து வைத்தார். நீரூற்றின் வெறும் இரைச்சல், எதிரே இருந்த கல் படிக்கட்டில் பட்டுத் திரும்பும்போது ஒரு சுருதியோடு கேட்டது. படிகள் ஒவ்வொன்றும் ஒலியைச் சற்றுத் தாமதித்துத் திருப்புகின்றன. அந்தத் தாமதம் ஒரே சீராக இருப்பதால் இரைச்சல் ஸ்வரமாகிறது என்று ஊகித்தார். ஒரு படியின் அகலத்துக்குக் காகிதக் குழல் சுருட்டி ஊதிப் பார்த்தார், அதே சுருதி. குளிர்காலத்தில் படிகளைப் பனி மூடியபோது ஊற்று இரைந்தது, சுருதி மட்டும் காணவில்லை. ஓரடி அகலப் படிகள் உள்ள எந்த வறண்ட தெப்பக்குளத்திலும் அடியில் நின்று பளீரென்று ஒரு கை தட்டினால் இதே கணக்குத்தான். படிக்குப் படி ஒலி இரண்டடி கூடுதலாகப் பயணம் செய்ய வேண்டும். நொடிக்கு சுமார் 570 துடிப்பில் திரும்ப ஆரம்பித்து, மேல் படிகளுக்குப் போகப் போகத் தாமதம் கூடிச் சுருதி இறங்கும். பறவை ஒன்று கூவி முடிப்பது போல. குளம் நிறைந்திருந்தால் படிகள் முழுகிக் கிடக்கும், இந்தப் பறவைக்குக் குரலே இருக்காது. காலிக் குளத்தில் ஏதோ பதில் சொல்கிறது என்று யாராவது சொன்னால் சிரிக்காதீர்கள்.

உலகம் முழுக்க இப்படிப்பட்ட பொதுக் குளிப்பிடங்களை வெறுமையாக்கியது பெரும்பாலும் போரோ பேயோ அல்ல, வீட்டுக் குழாய். ஜப்பானில் 'செந்தோ' எனப்படும் தெருக் குளிப்பகங்கள் 1968இல் ஏறக்குறைய 18,000 இருந்தன. வீட்டுக்கு வீடு குளியலறை வந்தது. இன்று 2,000 கூட இல்லை. பெங்களூர்க் கதையும் இதுதான், என்ன, குளிப்பகத்தோடு ஏரியையும் சேர்த்தே இழந்தோம். 1537இல் கெம்பே கவுடா நகரமைத்த இடம் மேட்டு நிலம், பெரிய ஆறு கிடையாது. ஒன்று நிரம்பி மறுகால் பாய்ந்து அடுத்தது நிரம்பும் ஏரிச் சங்கிலியாலும் கல்யாணி எனப்படும் படிக்குளங்களாலும்தான் ஊர் பிழைத்தது. 1890களில் ஹெசரகட்டாவிலிருந்து குழாய்த் தண்ணீர் வந்ததும் ஊருக்குள் இருந்த ஏரிகளைக் கவனிக்கக் காரணம் போய்விட்டது. தர்மாம்புதி ஏரி இன்று மெஜஸ்டிக் பேருந்து நிலையம். சம்பங்கி ஏரி கண்டீரவா விளையாட்டரங்கம். கரக விழாவின் சடங்குக்காக மட்டும் அரங்கத்தின் ஓரத்தில் ஒரு சிறு குளத்தை விட்டு வைத்திருக்கிறார்கள்.

அதே பெங்களூரின் மல்லேஸ்வரத்தில் இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்தது. காடு மல்லேஸ்வரர் கோயில் சிவாஜியின் மாற்றாந்தாய்ச் சகோதரர் ஏகோஜியின் 1669ஆம் ஆண்டுக் கொடைக் கல்வெட்டோடு தொடர்புடையது. பின்னாளில் தஞ்சாவூரில் மராட்டிய ஆட்சியை நிறுவிய அதே ஏகோஜி. கோயிலுக்கு எதிரே மண்மேடாகக் கிடந்த காலி இடத்தை 1997இல் தோண்டினார்கள். படிகளோடு ஒரு கல்யாணி, கல் மண்டபம், தெற்கு பார்த்த நந்தி. நந்தியின் வாயிலிருந்து தண்ணீர் வழிந்து கீழே லிங்கத்தின் மேல் விழுந்துகொண்டிருந்தது, இன்றும் விழுகிறது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதே மர்மம் என்று அங்கே எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அந்த மர்மத்தில் அவ்வளவு ஈடுபாடில்லை. பெங்களூரின் பாறைக்கு மேல் சிதைந்த கற்பொடி மண் பஞ்சு போல மழையைக் குடித்து வைத்திருக்கும். சரிவில் அந்தப் பஞ்சை வெட்டினால் ஊற்று கசியும். பழைய ஆட்கள் இடம் பார்த்து வெட்டியிருக்கிறார்கள். அங்கே ஒரு சாயங்காலம் படியில் உட்கார்ந்திருந்தேன். ஆள் நடமாட்டம் அதிகமில்லை, ஆனாலும் 'ஒரு மாதிரி' கொஞ்சமும் வரவில்லை. சொட்டுகிற சத்தம் இருந்தது, அடி தெரியவில்லை.

எங்கள் குளத்துக்கு வருகிறேன். காலிக் குளத்தைப் பார்த்தால் வரும் பயத்தில் பொறியாளர்களும் சேர்ந்துகொள்வார்கள் என்பது பலருக்குத் தெரியாது. குளத்துச் சுவரை வெளியிலிருந்து மண் தள்ளுகிறது, உள்ளிருந்து தண்ணீர் தாங்குகிறது. தண்ணீரை எடுத்தால் தாங்க ஆளில்லை. பழைய கோயில் குளங்களில் சுவர் சரிவதற்கு இதுவும் ஒரு காரணம். அதைவிட வினோதம், நிலத்தடி நீர் மேலே இருக்கும் ஊரில் காலிக் குளம் படகாகிவிடும். பத்துக்கு ஐந்து மீட்டர் தொட்டியைச் சுற்றி, அதன் அடித்தளத்துக்கு மேல் ஒரு மீட்டர் உயரத்துக்கு ஊற்று நீர் ஏறினால் 50 டன் விசை அதை மேல்நோக்கித் தூக்கும். தொட்டி விரிசல் விடும், சில சமயம் பெயர்ந்தே எழும்பும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் மழைக்காலத்தில் குளத்தை முழுக்க வடிக்க விட மாட்டார்கள்.

இதை எங்கள் மேலாளரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "இங்க கீழ தண்ணி எங்க சார் இருக்கு, மேல தூக்க? நம்ம போர் ஆயிரத்து இருநூறு அடி. அதுவே காத்துதான் வருது."

அந்தக் கோடையில் நகரின் அரசு ஆழ்துளைக் கிணறுகள் ஏறக்குறைய 14,000இல் பாதி வற்றியிருந்தன. எங்கள் குளம் பத்திரமாகக் காலியாக இருந்ததற்குக் காரணம், அதன் அடியில் இருந்த நிலமும் காலியாக இருந்ததுதான். வாட்ச்மேன் எட்டிப் பார்த்துப் பயந்த பள்ளம் நாலரை அடி. அதன் கீழே இருந்த பள்ளத்தை எட்டிப் பார்க்க வேலியும் இல்லை, விளிம்பும் இல்லை.

ஜூனில் மழை பிடித்தது. அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டக் குடிநீர்த் திட்டம் தொடங்கியது. நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்து மேடேறி வரும் அந்தத் தண்ணீரில் எத்தனை குடம் எங்கள் குளத்துக்குள் போனதோ, யாரும் கணக்குக் கேட்கவில்லை. நீலக் கண்ணாடியை யாரோ எடுத்து வேலியில் மாட்டியிருந்தார்கள். வாட்ச்மேன் பழையபடி அந்தப் பக்கம் ரவுண்டு போகிறார்.

கோடையில் குழந்தைகளைக் குளத்துக்கோ கிணற்றுக்கோ கூட்டிப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கரையில் நின்று ஆழத்தைக் கண்ணால் அளக்காதீர்கள். சுவரில் எண் எழுதியிருந்தால் அதைப் படியுங்கள். எழுதியிருக்காவிட்டால், நேர் மேலிருந்து பார்த்து மூன்றடி என்று தோன்றும் இடம் நான்கடி. சாய்வாகப் பார்த்து மூன்றடி என்று தோன்றும் இடம் ஆறடிக்கும் மேல் இருக்கலாம்.